எண்ணூரை யார் எண்ணுவது?

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று இதழ்க் குழு மாணவர்கள் வந்து கேட்டபோது, "சார், புள்ளியியல் வேண்டாம், எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஏதாவது எழுதுங்கள்" என்றார்கள். முப்பது ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பித்து வருபவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது! ஆகவே அவர்கள் வேண்டாம் என்றதையே எழுதுகிறேன். புரிகிற மாதிரி எழுத முயல்கிறேன்.

தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கணக்கிடுவதும் எண்ணுதல்தான், சிந்திப்பதும் எண்ணுதல்தான். இவ்விரண்டும் சேர்ந்த ஒரு கலையை மருத்துவ உலகம் நோய்ப்பரவலியல் என்கிறது. ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பவர் மருத்துவர். ஓர் ஊரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது நோய்ப்பரவலியல். யாருக்கு நோய் வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை என்பவையே அது கேட்கும் கேள்விகள். இந்தக் கலையின் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்று நம் சென்னை மாநகரிலேயே நிகழ்ந்தது என்பதை நம் மாணவர்களில் பலர் அறியார். அதற்கும் எனக்கும் உள்ள உறவு தாளோடும் பேனாவோடும் முடிவதன்று.

1972-ஆம் ஆண்டில் எனக்கு ஆறு வயது. திருவொற்றியூரில் ஒரு நீண்ட சந்தில், ஐந்து குடித்தனங்களுக்கு நடுவே ஒற்றை அறையில் நாங்கள் ஆறு பேர் வாழ்ந்தோம். என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவரை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம். அந்த ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. மழை போயிற்று, இருமல் போகவில்லை. ஒருநாள் கோழையில் இரத்தம் கண்டது. மேஸ்திரி அவரை ஆள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். 'டி.பி.' என்ற இரண்டு எழுத்து சந்து முழுவதும் பரவ அரை நாள்தான் ஆயிற்று.

அடுத்த குடித்தனத்து ஆயா என் தாயாரிடம், "ஏம்மா, கொயந்த குட்டி இருக்கற ஊடு. பேசாம உன் ஊட்டுக்காரரத் தாம்பரத்துக்கு அனுப்பிடு" என்றார். அவர் கொடுமைக்காரர் அல்லர். எங்கள்மேல் உள்ள அக்கறையால்தான் சொன்னார். ஆனால் நைனா தாம்பரம் போய்விட்டால் அடுப்பு எரிவது எப்படி? அம்மா அழுதுகொண்டே மருந்து கொடுக்கும் இடத்தில் போய்க் கேட்டார். அங்கிருந்த நர்ஸ் அம்மையார் சொன்ன பதிலை அம்மா சாகும்வரை திருப்பித் திருப்பிச் சொல்வார்: "அவரு ஊட்லயே இருக்கட்டும்மா. வாரத்துல ரெண்டு நாளு ஊசிக்கு இட்டுனு வா. ஒரு நாள்கூட உட்டுடாதே. புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

ஒண்ணும் ஆகவில்லை. நைனா எங்களோடே இருந்தார். வாரம் இரு முறை ஊசி போட்டுக்கொண்டார். பிழைத்தார். அந்த அம்மையார் அவ்வளவு உறுதியாக எதை வைத்துச் சொன்னார்? ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தையா அது? பல ஆண்டுகள் கழித்து, நான் எம்.எஸ்ஸி. படித்தபோது ஒரு நூலகத்தில் விடை கிடைத்தது.

1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்து அமைத்த மையம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தொடக்க ஆண்டுகளில் அதை வழிநடத்தினார். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதே மையம்தான்.

அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதே உலக வழக்கு. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, தாதியரின் கவனிப்பு ஆகியவை இன்றி இந்நோய் தீராது என்று நம்பினர். ஆனால் இந்தியாவில் நோயாளிகள் இலட்சக்கணக்கில். படுக்கைகளோ மிகக் குறைவு. சென்னை மையம் கேட்ட கேள்வி மிக எளியது: புதிய மருந்துகள் வந்துவிட்ட பின், ஏழை நோயாளி தன் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து மருந்து உண்டால் என்ன ஆகும்?

இதை அறிய அவர்கள் 193 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தனர். அனைவரும் நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. நோயாளியும் முடிவு செய்யவில்லை. சமவாய்ப்பு எண்கள் முடிவு செய்தன. இரு சாராருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். இரு சாராருக்கும் ஒரே காலம்: ஓராண்டு.

சீட்டுக் குலுக்கிப் போடுவதா மருத்துவம் என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என்னைக் கேட்பார்கள். ஆம் என்பேன். மருத்துவரிடம் விட்டிருந்தால், இரக்கம் மிக்கவர் என்ன செய்திருப்பார்? மிகவும் மெலிந்தவரைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு அங்கே இறப்பு அதிகம் என்று கண்டால், அது இடத்தின் குற்றமா, நோயின் கடுமையா என்று எவராலும் பிரித்தறிய முடியாது. குலுக்கல் ஒன்றுதான் வயது, வறுமை, மெலிவு மட்டுமின்றி, நாம் அறியாத காரணங்களையும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்து வைக்கிறது. 1948-இல் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை இம்முறையால் சோதித்துக் காட்டியது பிரிட்டனின் அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதன் புள்ளியியல் அறிஞர் பிராட்போர்டு ஹில்.

முடிவு 1959-இல் வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. பக்கத்துக்கு நூறு பேர்கூட இல்லாத ஆய்வில் இந்த ஆறு விழுக்காடு தற்செயலாலும் வரக்கூடியது. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது அந்த வேறுபாடும் மறைந்தது. வியப்பு அதோடு நிற்கவில்லை. சானடோரியத்தில் உணவு செழிப்பு, வீட்டிலோ அரைவயிறு. ஆயினும் நோய் தீர்ந்ததில் பெருத்த வேறுபாடில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது மூன்றாவது முடிவு. இரு பக்கத்து நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் கண்காணித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் பிள்ளைகளுக்கு நோய் கூடுதலாக வந்துவிடவில்லை.

'புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவாது' என்ற வார்த்தையின் பின்னே நின்றது இந்தக் கணக்கு! வாரம் இரு முறை, கண்ணெதிரே ஊசி என்ற ஏற்பாடும் இதே மையம் 1964-இல் மெய்ப்பித்துக் காட்டியதே. முகம் தெரியாத 193 பேர் குலுக்கலுக்கு உடன்பட்டிருக்காவிட்டால், என் பிள்ளைப் பருவத்தில் தந்தை இருந்திருக்க மாட்டார்.

எண்ணிப் பார்த்தால் எப்போதும் நாம் விரும்பும் விடையே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தில், 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் பேர் பங்கேற்றனர். யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு வெறும் ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தும், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றே கணக்குக் காட்டியது. உலகமே திகைத்தது. கசப்பான அம்முடிவை மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். கைக்குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அத்தடுப்பூசி காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். எதற்கு அது பயன்படும், எதற்குப் பயன்படாது என்ற தெளிவு எண்ணியதால் வந்தது.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2023-இல் வெளியாயிற்று. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்னும் மருத்துவ இணையர் முன்னின்று நடத்திய அதில் நம் சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் பங்குண்டு. காசநோயாளிகளுக்கு எல்லா இடத்திலும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். குலுக்கலில் தேர்ந்த வட்டாரங்களில் மட்டும், நோயாளியின் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை என்று சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டாருக்கு உணவு கிடைக்காத பக்கத்தில் 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. கிடைத்த பக்கத்தில் 5,621 பேரில் 96 பேருக்கு வந்தது. மற்ற வேறுபாடுகளைச் சரிசெய்து கணக்கிட்டால், புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது; தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் நோய் 48 விழுக்காடு குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் மருந்தாயின!

அன்று உணவு முக்கியமில்லை என்றார்கள், இன்று முக்கியம் என்கிறார்களே, எது உண்மை என்று கேட்கலாம். இரண்டும் உண்மை. கேள்விதான் வேறு. மருந்து உண்பவருக்கு நோய் தீருமா என்பது அன்றைய கேள்வி. நோய் வராதவருக்கு வராமல் தடுக்கலாமா என்பது இன்றைய கேள்வி. அதேபோல, சராசரி நோயாளிக்கு வீடு போதும் என்று 1959 சொன்னது. யாருக்கு வீடு போதாது என்பதை 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் தேடுகிறது. எடை மிகக் குறைந்தவரா, காலில் வீக்கமா, மூச்சு வாங்குகிறதா, எழுந்து நிற்க முடிகிறதா என்று நோய் கண்டவுடனே பார்த்து, கடும் நிலையில் உள்ளவரைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். கேள்வியைச் செம்மையாகக் கேட்பதே ஆய்வில் பாதி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். நம் மாணவர்களில் பாதிப் பேர் இராயபுரத்திலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூர்க் குப்பங்களிலிருந்தும் வருகிறவர்கள். மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தில் கரித்தூள் படிவதையும், இரவில் மூக்கைத் துளைக்கும் நெடியையும் அவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அன்றிரவு மருத்துவமனைக்குப் போனவர்களை எண்ணினோம். அதற்கடுத்த ஆண்டுகளில் அவர்கள் மூச்சு எப்படி இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்?

இந்தப் புகைதான் எல்லாவற்றுக்கும் காரணம், இதற்கு ஆய்வு எதற்கு என்று சிலர் கோபத்தோடு கேட்பார்கள். கோபம் நியாயமானது. ஆனால் எதிர்த் தரப்பில் ஒரு கெட்டிக்கார வழக்கறிஞர் எழுந்து, "அந்தப் பகுதியில் பீடி குடிப்பவர் அதிகம், விறகடுப்பு உண்டு, வீடுகளில் நெரிசல் உண்டு, இருமலுக்குப் புகைபோக்கிதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் நம்மிடம் என்ன விடை இருக்கிறது? அவர் கேட்பது வெறும் வாய்ச்சாலகமும் அன்று. சென்னை மருத்துவர் வேந்தன் கஜலட்சுமியும் அவருடன் பணியாற்றியவர்களும் சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து, உயிரோடிருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டு, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். நடுவயதில் காசநோயால் இறப்பது, புகைபிடிக்காதவரைவிடப் புகைபிடிப்பவரிடம் ஏறத்தாழ நான்கு மடங்கு. என் நைனாவும் பீடி குடித்தவர்தான். ஆகவே பீடியையும் புகைபோக்கியையும் கணக்கில் தனித்தனியே பிரிக்காதவரை, ஒன்றின் பழியை மற்றது சுமக்கும்.

பிரிக்க வழி உண்டு. நம் கடற்கரையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. புகைபோக்கிக்கு மேற்கே உள்ள தெருக்களையும், அதே வருமானமும் அதே நெரிசலும் உள்ள, ஆனால் புகை போகாத தெருக்களையும் ஒப்பிடலாம். பீடி குடிக்காத பெண்களை மட்டும் தனியே பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் மூச்சு வலிமையை ஆண்டுதோறும் அளக்கலாம்.

தவறுவதற்கும் வழிகள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் குப்பத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி நாற்பது வீடுகளில் இருமல் கணக்கு எடுத்து வந்தாள். பாதி வீடுகளில் இருமல்! "எந்த நேரத்தில் போனாய் அம்மா?" என்றேன். "பகல்ல சார்" என்றாள். பகலில் வீட்டில் இருப்பவர் யார்? வேலைக்குப் போக முடியாதவர், அதாவது நோயாளி. அவள் முகம் வாடிவிட்டது. மறுவாரம் விடியற்காலையிலும் இரவிலும் போய் மறுபடி எண்ணி வந்தாள். எண்ணிக்கை குறைந்தது, ஆனால் இப்போது அது நம்பத்தக்க எண். இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்து எண்ணினால், தொழிலாளர்கள் ஊராரைவிட ஆரோக்கியமாகத் தோன்றுவார்கள். ஏனெனில் இருமியவர் ஏற்கெனவே பதிவேட்டிலிருந்து போய்விட்டார், என் நைனா மேஸ்திரியின் கணக்கிலிருந்து போனதைப் போல.

மூன்றாவது தவறு செய்தித்தாள் செய்வது. 2020 மே மாதத்தில் கொரோனாப் பட்டியலில் சென்னை மண்டலங்களுள் இராயபுரம் முதலிடம் என்று நாள்தோறும் போட்டார்கள். இராயபுரத்தான் என்றால் பிற பகுதிகளில் வீட்டுக்குள் விடவில்லை. எத்தனை பேரைச் சோதித்து அந்த எண் வந்தது, அங்கே வாழ்பவர் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. தொகுதியை மட்டும் போட்டுப் பகுதியை மறைக்கும் பின்னம் பின்னமே அன்று. அதே ஆண்டு, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நோயாளிகளோடு பழகிய ஐந்தே முக்கால் இலட்சம் பேரைத் தேடிப் பிடித்த நம் சுகாதாரப் பணியாளர்களின் குறிப்புகளைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. தொற்றுற்றவர்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர், தேடிப் பிடித்த தொடர்புகளில் எவருக்கும் நோயைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஒரு சிலரே பலருக்குப் பரப்பினர் என்று அது கண்டது. ஊரையே பழித்தது எவ்வளவு பேதைமை!

ஆய்வு நடக்கட்டும், அதுவரை புகை போகட்டும் என்று சொல்வோர் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. ஆய்வைக் காட்டிக் காலம் கடத்துவது பழைய தந்திரம். தெரிந்த நஞ்சை நிறுத்த எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுத்துவதும் எண்ணுவதும் ஒருங்கே நடக்க வேண்டும். எண்ணாதவனுக்கு நட்ட ஈடு கேட்கும்போது கையில் சான்று இராது. நிறுத்திய பின் பயன் விளைந்ததா என்றும் தெரியாது.

என் கருத்து இதுதான். எண்ணூர் முதல் இராயபுரம் வரை, பல ஆண்டுகள் தொடர்ந்து செல்லும் உடல்நலப் பதிவு ஒன்றை அரசு தொடங்க வேண்டும். அதே குடும்பங்கள், அதே கேள்விகள், ஊரைவிட்டுப் போனவரையும் தேடிப் பிடிக்கும் பொறுமை ஆகியவை அதற்கு வேண்டும். கண்ட முடிவை அந்தக் குப்பத்திலேயே கூட்டம் போட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். இரத்தமும் நேரமும் கொடுத்தவர்களுக்கு விடையைச் சொல்லாமல் போவது கடன் வாங்கித் திருப்பாமல் போவதற்குச் சமம்.

அரசு தொடங்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. சமவாய்ப்பு முறையில் ஐந்நூறு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டாரின் ஒப்புதலோடு, பெயரை வெளியிடாமல், ஆண்டுக்கொருமுறை ஐந்தே கேள்விகளை நம் மாணவர்கள் கேட்டு எழுதலாம். இறுதியாண்டு மாணவர் போனாலும் முதலாண்டு மாணவர் தொடரலாம். பத்தாண்டில் அது எந்த நீதிமன்றமும் ஏறெடுத்துப் பார்க்கும் ஏடாகும். மதிப்பெண்ணுக்காகச் செய்து அலமாரியில் தூங்கும் செயல்திட்டங்களைவிட இது மேலானதன்றோ?

என் நைனா 2001-இல் தம் அறுபத்தாறாம் வயதில், காசநோயால் அன்றி, உறக்கத்தில் காலமானார். ஊசி போட்டுக்கொண்டதிலிருந்து இருபத்தொன்பது ஆண்டுகள். அந்த இருபத்தொன்பது ஆண்டுகளை எங்களுக்குக் கொடுத்தவர்கள் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டு, விடையை நேர்மையாக எண்ணியவர்கள். மாணவச் செல்வங்களே, நான் விரைவில் ஓய்வு பெறுகிறேன். குறிப்பேடும் பென்சிலும் துறை அலமாரியில் இருக்கின்றன. அந்த மாணவி எடுத்து வந்த நாற்பது வீட்டுக் கணக்கும் அங்கேயே இருக்கிறது. நாற்பத்தோராம் வீட்டிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.